மிளகாய்க் கிட்டங்கிக்கு மேலே ஒரு கொடி

என் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் சில மாதங்களாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். இதை எழுத உட்காருவதற்கு முன்னால் மூன்று தரம் அடுப்படிக்குப் போய் காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தி வைத்திருக்கிறேன். திருடன் வருவான் என்று மருமகள் சத்தம் போடுவாள். வந்தால் வரட்டும். பூட்டிய கதவுக்குள் எனக்கு எழுத்து ஓடாது.

நம் சபைப் பெண்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம் அல்லவா? தினமும் காலையில் யாராவது ஒரு படம் போடுகிறார்கள். பனி மூடிய மலை, பால் மாதிரி விழுகிற அருவி, கண்ணைப் பறிக்கிற மஞ்சள் வயல். கீழே, கடவுளின் மகத்துவம் என்று ஒரு வரி. நானும் கை கூப்பிய பொம்மையை அனுப்பிவிடுவேன். ஆனால் பனி மூடிய மலையை நானும் பார்த்ததில்லை, படம் போட்டவளும் பார்த்ததில்லை. நான் பார்த்தது வேறு. அதை ஒரு வனஸ்பதி டப்பாவுக்குள் பார்த்தேன். பார்த்த இடத்தைப் பற்றி என் வாயாலேயே பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்தான் இத்தனை வருஷமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அப்போது எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ராயபுரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. வீடு என்றால் கீழே முழுக்கச் சரக்கு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி. அப்பா காய்ந்த மிளகாய், மல்லி, பயறு வகைகளை மொத்தமாக வாங்கி விற்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர்களில் ஒருவர். தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். மேலே மரப்பலகைத் தளம் போட்ட இரண்டு அறைகள். அதில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான என் அத்தை. அத்தைக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருவொற்றியூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த நம்மூர்க்காரக் குடும்பம்.

துறைமுகத்திலிருந்து கரித்தூள் வரும் காலம் அது. உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். நாங்கள் அதை விளையாட்டாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் சொன்ன அக்கா ஒரு நாள் கேட்டாள், “கடவுளோட மகத்துவம் இயற்கையில எங்கெல்லாம் தெரியுது, ஒவ்வொருத்தரா சொல்லுங்க.” ஒருவன் குற்றாலம் என்றான். ஒருத்தி கொடைக்கானல் என்றாள். எனக்குச் சட்டென்று வந்தது துறைமுகத்துக் கிரேன்தான். அவ்வளவு உயரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

“அது மனுஷன் செஞ்சதுடி. ராயபுரத்துல என்ன இருக்கு, கரியும் லாரியும்தான். லீவுக்கு ஊருக்குப் போவேல்ல, அப்ப நல்லா பாத்துட்டு வந்து சொல்லு” என்றாள் அக்கா.

இங்கே ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

அந்த ஜூலையில் எனக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. ஒரு டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, டிபியாகவும் இருக்கலாம், மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றாராம். ‘இருக்கலாம்’ என்ற சொல் ஆஸ்பத்திரி வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தது ‘டிபி’ மட்டும்தான்.

அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். டிபி உள்ள வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? உங்க தங்கச்சி காலம் பூரா மூலையில உக்காரணும். இவளை ஊருக்கு அனுப்பியாச்சின்னு சொல்லிருவோம்.”

“அனுப்பிருவமா?” என்றார் அப்பா.

“அங்க அனுப்பினா அங்க உள்ளவியளுக்குத் தெரியாதா? பெறகு சும்மா விடுவாவளா? இங்கனயே மேல இருக்கட்டும். கல்யாணம் முடியுந்தட்டும்.”

அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவள். அந்தப் பயம்தான் எனக்கும் வந்திருக்கிறது.

அப்பா பள்ளிக்கூடத்தில் போய், பிள்ளை ஊரில் படிக்கப் போகிறாள் என்று சொல்லி மாற்றுச் சான்றிதழை வாங்கி வந்தார். பொய் கச்சிதமாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காகிதத்தோடு என் படிப்பு நின்றது. பிறகு அதைக் கொண்டுபோய் எந்தப் பள்ளியிலும் கொடுக்கவே இல்லை. அத்தை போன பிறகு அம்மாவுக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது.

நான் இருந்தது பின்பக்க அறை. ஒரே ஒரு ஜன்னல், கிழக்கே பார்த்தது, பின்னால் இருந்த சந்தின் மேல். நான்கு கதவு ஜன்னல். கீழ்க் கதவு இரண்டையும் அப்பா ஆணியடித்துவிட்டார். மேல் கதவைத் திறக்கலாம், ஆனால் முகம் வெளியே தெரியக் கூடாது. எனக்கென்று ஒரு தட்டு, நீல விளிம்பு வைத்த ஒரு எனாமல் குவளை, ஒரு பாய். நடக்கும்போது பலகை கிறீச்சிடாத இடங்களைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். எந்தப் பலகை பேசும், எந்தப் பலகை பேசாது என்று ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. இருமல் வந்தால் தலையணையைக் கடிக்க வேண்டும்.

கீழே மிளகாய் மூட்டை பிரிக்கிற நாள்தான் எனக்கு விடுதலை. நெடி பலகை இடுக்கு வழியாக மேலே ஏறும். கீழே மூட்டை தூக்குகிறவர்கள், கணக்கப்பிள்ளை, வந்த வியாபாரி எல்லாரும் தும்முவார்கள், இருமுவார்கள். அந்தச் சத்தத்தில் நானும் வாய்விட்டு இருமலாம். இருமி முடித்துக் கண்ணில் நீரோடு அப்படி ஒரு நிம்மதி. என்னை எதிலிருந்து காப்பாற்ற நினைத்தார்களோ, அதற்கு நேர் மேலே கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். அது யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது வயதில் வேறு எதற்கோ படம் எடுத்த ஒரு டாக்டரம்மா, “டிபி வந்த தடமே இல்லையேம்மா, நிறைய தூசியில வளந்தீங்களா?” என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரிக்கும்போது அழுகையும் வந்ததால் அவர் தண்ணீர் கொடுத்தார்.

சாப்பாடு கொண்டுவருவது அத்தைதான். தட்டை வைத்துவிட்டு வாசற்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே வரக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. “உன்னைய இப்பிடி அடைச்சு வச்சு எனக்கு ஒரு கல்யாணமா” என்பாள். பிறகு, வெளியே தாழ்ப்பாள் போடுவாள். போடும்போது சத்தம் வராமல் மெதுவாகப் போடுவாள். அந்தச் சத்தம் வராத தாழ்ப்பாள்தான் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகிறது.

சந்தில் எங்கள் கிட்டங்கிச் சுவரின் நிழலில் ஒரு மீன்காரம்மா உட்காருவாள். காசிமேட்டில் வாங்கிய மீனைத் தெருத்தெருவாக விற்றுவிட்டு, மிச்சத்தை அங்கே வைத்து விற்பாள். அவள் குரல் சந்துக்குள் பட்டு எழும்பி நேராக என் அறைக்குள் வரும். ஒரு நாள் நான் இரும்புப் பெட்டியின் மேல் ஏறி நின்று, கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கையில் மழை பட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று இருந்தது.

கீழேயிருந்து குரல். “யாரு அது? அண்ணாச்சி வூட்டுப் பொண்ணா?”

கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் நின்றது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

“அய்ய, ஒளியாதே. வளையல பாத்துட்டேன். உங்கம்மா இன்னாடான்னா ஊருக்குப் பூட்ச்சி பொண்ணுன்னு சொல்லிகினு கீது. உங்க ஊரு இன்னா, மேல்மாடிலயா கீது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு இருமல் வந்தது.

கீழே அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். பிறகு குரலை இறக்கி, “அத்தொட்டுதானா? சரி கண்ணு. நான் ஒண்ணியும் பாக்கல. நான் மீன் விக்கறவ, எனக்கு இன்னாத்துக்கு ஊர் பேஜாரு” என்றாள்.

அம்மா எல்லாருக்கும் மேலாகப் பயந்தது அவளுக்குத்தான். “மீன்காரி வாயில விழுந்தா மணலி வரைக்கும் போயிரும்” என்பாள். அந்த நாலு மாதத்தில் விஷயம் தெரிந்த ஒரே வெளி ஆள் அவள். அவளிடமிருந்து ஒரு ஈ காக்காய்க்குக்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானங்களில், சந்தில் ஆள் இல்லாதபோது, அவள் மீனோடு பேசுவதுபோல் என்னோடு பேசுவாள். கூடையில் கிடக்கிற சங்கரா மீனைப் பார்த்து, “இன்னா சங்கரா, துன்னியா?” என்பாள். நான் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை.

தட்டப்பயறு கிடைத்தது பலகை இடுக்கில். எலி கொண்டுவந்து போட்டதோ, பழைய மூட்டையில் சிந்தியதோ, எட்டு விதைகள். முதலில் அவற்றை வைத்து விளையாடினேன். பிறகு ஒன்றை ஈரத் துணியில் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் துணியைப் பிரித்தபோது பயறு வாயைத் திறந்து வெள்ளையாக ஒரு மூக்கை நீட்டியிருந்தது. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், தானாக. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. ஏதோ பெரிய ஆள் அறைக்குள் வந்து நிற்பது மாதிரி.

மண் வேண்டும். சாக்குத் தைக்கிற சணல் நூல் அறையில் ஒரு பந்து கிடந்தது. குவளையின் காதில் அதைக் கட்டி, மத்தியானம் மெதுவாகச் சந்துக்குள் இறக்கினேன்.

“இன்னாது, கொயம்பு கேக்கறியா?” என்று மேலே பார்க்காமலே கேட்டாள்.

“மண்ணு. விதை போட.”

நான் அவளிடம் பேசிய முதல் சொற்கள் அவைதான்.

“மண்ணா? இந்தத் தெருவுல கீறது மண்ணா கண்ணு? எல்லாம் கரி. இரு, நாளிக்கு எடுத்தாரேன்.”

மறுநாள் இலையில் பொதிந்து கொண்டுவந்தாள். ஆறேழு தடவை குவளையை இறக்கி ஏற்றினோம். அவர்கள் குப்பத்தில் அம்மன் கோயிலுக்குப் பக்கத்து வேப்பமரத்தடி மண்ணாம். ஆட்டுப் புழுக்கையும் கலந்திருந்தது. எனக்கு உடனே கவலை வந்துவிட்டது. கோயில் மண்ணை எடுத்தால் அவர்கள் சாமிக்குக் கோபம் வராதா? வேறு சாமி மண்ணில் விதை போட்டால் எங்களுக்குப் பாவமாகாதா? கேட்டேவிட்டேன்.

“ஆத்தா இன்னா, ஒரு பிடி மண்ணுக்குப் போயி சண்டை வலிப்பாளா? அவளுக்கு வேற வேல இல்ல? போட்டு மூடு கண்ணு.”

நன்றிக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. மூன்று பயற்றைக் குவளையில் போட்டு இறக்கினேன்.

“காராமணி! மூணு காராமணில எந்த ஊருல கொயம்பு வெப்பாங்க?” என்று சிரித்தாள். ஆனால் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூலையில் கிடந்த மஞ்சள் வனஸ்பதி டப்பாவுக்கு ஆணியால் அடியில் ஓட்டை போட்டேன். இரும்புப் பெட்டியின் மேல் பலகைப் பெட்டி, அதன் மேல் டப்பா. அப்போதுதான் மேல் ஜன்னலின் வெயில் எட்டும். காலை ஏழு மணியிலிருந்து பத்து வரை ஒரு முழ அகலத்துக்கு வெயில் வரும். அது நகர நகர நான் டப்பாவை நகர்த்துவேன். நாளெல்லாம் அதுதான் என் வேலை. இரண்டு இலை, பிறகு மூன்று மூன்றாக இலை, பிறகு ஒரு நாள் காலையில் நுனி கம்பியை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை நாள் நின்றிருக்கிறேன். எனக்கு அது அடைக்கிற கம்பி. அதற்கு ஏறிப் போகிற கம்பி.

இலையில் தினமும் கரி படியும். எனாமல் குவளைத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பேன். கறுப்புக்குக் கீழே பச்சை வரும். அந்தப் பச்சையை நான் எந்த அருவிப் படத்திலும் பார்த்ததில்லை. செப்டம்பரில் பூத்தது. ஊதாவும் வெள்ளையுமாக, இறக்கையை விரித்து உட்கார்ந்த பூச்சி மாதிரி. காலையில் விரியும், உச்சிப் பொழுதுக்குள் மூடிக்கொள்ளும். முதல் நாள் மூடியபோது செத்துவிட்டது என்று அழுதேன். மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று விரிந்தது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ ஒரு தேனீ வந்தது. லாரியும் கரியும் கருவாட்டு வாடையும் தாண்டி, இந்தச் சந்தில், இந்த மாடியில், ஆணியடித்த ஜன்னலுக்கு மேல் ஒரு பூ இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்கள்? நான் இங்கே இருப்பது வீட்டார் தவிர ஒரு மீன்காரிக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு பள்ளி அக்காவுக்குச் சொல்ல எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சொல்ல வழிதான் இல்லை.

அம்மாவின் கண்ணில் அது அக்டோபரில் பட்டது. சந்தில் நின்று நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் தற்செயலாக மேலே பார்த்திருக்கிறாள். ஆள் இல்லை என்று ஊருக்குச் சொன்ன அறையின் ஜன்னலில் கொடி வெளியே தொங்குகிறது.

“காக்கா போட்ட விதைம்மா, இந்தச் செவுத்துல இன்னாதான் மொளைக்கல” என்றாள் மீன்காரம்மா, மீனைப் பார்த்துக்கொண்டே.

அம்மா நெத்திலியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடி வந்தாள். வந்த வேகத்தில் கொடியைப் பிடித்தாள். “நாலு பேரு கண்ணுல படணும்னே வளத்தியாட்டி?” நான் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போட்டு அழவும் முடியாது. அத்தை ஓடி வந்து, வரக் கூடாத வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“மதினி, அதையாவது விடுங்க.”

அம்மா கையை எடுத்தாள். என்னைப் பார்க்காமல் கீழே போனாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஊரில் வயலில் முதலில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற பண்டிகை. ராயபுரத்தில் யாருக்கு வயல்? கடைக்காரர்கள் கடையில் இருப்பதைக் கொண்டுவருவார்கள். பருப்பு மூட்டை, வெல்ல உருண்டை, ஒருவர் வருஷா வருஷம் ஒரு பெட்டி சோப்பு வைப்பார். ஆராதனை முடிந்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். முளைத்த ஒன்றை, தன் கையால் முளைக்க வைத்த ஒன்றை, அந்தப் பலிபீடத்தில் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

அப்பா சனிக்கிழமை மேலே வந்தார். கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் விரல் நீளத்துக்கு மேலே ஏழு காய்கள் தொங்கின. பயறு விற்கிற மனிதர், பயற்றங்கொடியைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்றோ.

“நான் வாறேம்பா, நாளைக்கு ஒரு நாள்” என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை.

“அப்ப இதையாவது கொண்டு போங்க. நான் வளத்ததுன்னு சொல்லுவியளா?”

“சொல்லுதேன்.”

“இங்கன வளத்ததுன்னு?”

“சொல்லுதேம்மா” என்றார் மறுபடியும்.

ஞாயிறு காலையில் நானும் அவரும் கொடியைக் கம்பியிலிருந்து பிரித்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு சுருள்கூட அறுபடாமல் பிரித்து மூன்று குச்சிகளில் சுற்றினோம். அப்பா என் பக்கத்தில் அவ்வளவு நேரம் இருந்தது அந்த நாலு மாதத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

எங்கள் சபைக் கோயில் இரண்டு தெரு தள்ளி. பண்டிகைக்குக் கோபுரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் காலியான கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு, ஜெபம், அறிவிப்பு. பிறகு போதகர் பேசத் தொடங்கினார். வெல்லத்தைப் பற்றிச் சொன்னார், பருப்பைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார்.

“இந்தப் பட்டணத்தில் கடவுளின் கைவேலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றெல்லாம் கரி, தண்ணீரெல்லாம் எண்ணெய். ஆனால் இதோ, ஊருக்குப் போயிருக்கிற நம் சபைப் பிள்ளை ஒன்று, அங்கே தன் கையால் வளர்த்து, ஆள் மூலமாக அனுப்பி வைத்திருக்கிற இந்தக் கொடியைப் பாருங்கள். இந்தப் பசுமையைப் பாருங்கள். அந்தச் சுத்தமான மண்ணிலும் காற்றிலும்தான் அவருடைய மகத்துவம் விளங்குகிறது. இங்கே இது முளைக்குமா?”

முளைக்காது என்பதுபோல் சபையில் ஒரு முனகல் கேட்டது.

அப்பா சொன்னார். பாதி சொன்னார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பெட்டி மேல் ஏறி, முகத்தைக் கம்பியில் வைத்து, அடி வயிற்றிலிருந்து கத்தினேன்.

“இங்கதான்! இங்கதான் முளைச்சிச்சு!”

சந்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் மேலே அண்ணாந்தார். அதற்குள் கீழேயிருந்து என் குரலை விடப் பத்து மடங்கு பெரிய குரல் கிளம்பியது.

“இங்கதான்! இங்கதான் புடிச்சுது! நம்ப ராயபுரத்து மீனு! இன்னா மேல பாக்கறே, ஆகாசத்துலயா மீன் விக்குது? கீய பாரு நைனா, துடிக்குது பாரு!”

அண்ணாந்தவர் சிரித்துக்கொண்டே குனிந்து மீனைப் பார்த்தார். அவள் கூவிக்கொண்டே இருந்தாள். நான் கத்தி முடித்து, இருமி முடித்து, பெட்டியிலிருந்து இறங்குகிற வரை கூவிக்கொண்டே இருந்தாள். என்னைக் காப்பாற்றினாள். நான் சொன்னதை யாருக்கும் கேட்காமல் ஆக்கியதும் அவள்தான். இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

ஏலத்தில் அந்த டப்பாவை எடுத்தது, பண்டிகைக்கு வந்திருந்த சம்பந்தியம்மா, அத்தைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மா. நம்ம ஊர் மண்ணு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு திருவொற்றியூருக்குக் கொண்டு போனார்களாம். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் அது காய்த்து ஓய்ந்து, டப்பா துருப்பிடித்து உதிர்கிற வரை இருந்தது. அம்மன் கோயில் மண் எங்கள் பலிபீடத்தில் இருந்துவிட்டுப் போனது எனக்கும் மீன்காரம்மாவுக்கும் மட்டும் தெரியும். ஒரு கெடுதலும் வரவில்லை. நான்தான் ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

நவம்பரில் கல்யாணம். நாதஸ்வரச் சத்தம் கேட்டது. பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் விடிகாலையில் அப்பா என்னை ரிக்‌ஷாவில் எழும்பூருக்குக் கூட்டிப் போனார். ரயில் வந்து கூட்டம் வெளியே வரும்போது, ஊரிலிருந்து வருகிறவர்கள் மாதிரி அதோடு நாங்களும் கலந்து வந்தோம். கருப்பட்டி வைத்த ஓர் ஓலைக் கொட்டானும் பனங்கிழங்குக் கட்டும் கையில். தெருவில் இறங்கியபோது வெளிச்சம் தாங்காமல் கண் கூசியது. கால் பலகையைத் தேடியது. நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் சத்தம் வராமல் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

அன்று சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். “ஊர்க் காத்து பட்டுப் பிள்ளை எப்பிடி வெளுத்துட்டா” என்று சம்பந்தியம்மா என் கன்னத்தைத் தொட்டார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரத்தில் வாசலில் கூடையோடு மீன்காரம்மா. நாலு மாதம் பேசிய முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்க்கிறேன். நினைத்ததைவிடச் சின்ன முகம். மூக்குத்திக்குப் பதில் ஈர்க்குச்சி.

“வா கண்ணு. ஊரு எப்பிடி கீது? மய பேஞ்சுதா?” என்று உரக்கக் கேட்டாள், கண்ணில் சிரிப்போடு. பிறகு கூடைக்கு அடியிலிருந்து ஒரு இலைப் பொதியை எடுத்து என் கையில் திணித்துக் குனிந்தாள். “அந்த மூணுதான். என் வூட்டாண்ட மணல்ல நட்டேன். மெய்யாலுமே இங்கதான் மொளைச்சுது கண்ணு. ராயபுரத்துது.”

பிரித்தேன். பிஞ்சும் முற்றலுமாக ஒரு கை நிறையக் காய்.

“அடடே, தட்டங்காய்! நம்ம ஊருக் காயில்லா, ஏது இது?” என்று உள்ளேயிருந்து சம்பந்தியம்மா கேட்டார்கள்.

அம்மாவின் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே. மீன்காரம்மா கொடுத்தாள், அவள் வீட்டு மணலில் முளைத்தது என்று சொன்னால் யாருக்கு என்ன போய்விடும்? இன்றைக்கு யோசித்தால் ஒன்றும் போயிருக்காது. அன்றைக்கு என் வாய் தானாகச் சொன்னது.

“ஊர்ல இருந்து கொண்டாந்தேன்.”

அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வாசலைப் பார்த்தேன். மீன்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. “சரி கண்ணு” என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகும் அவள் வருஷக்கணக்கில் அதே சந்தில் மீன் விற்றாள். என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்க்கவே இல்லை. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. எங்கே போனாள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன தெரிய வருமோ என்று பயம்.

அப்பா போனார், அம்மா போனாள், சம்பந்தியம்மாவும் போய்விட்டார்கள். அத்தை இருக்கிறாள், காது கேட்பதில்லை. இனி யாருடைய கல்யாணமும் நிற்காது. ஆகவே திருத்திவிடுகிறேன். நாளைக் காலையில் குழுவில் யாராவது மலைப்படம் போட்டால், அதற்குக் கீழே இதைப் போடு என்று மருமகளிடம் சொல்லப் போகிறேன். அந்தக் காலத்துப் போதகர் கேட்டாரே, இங்கே முளைக்குமா என்று.

முளைத்தது ஐயா. மிளகாய்க் கிட்டங்கிக்கு மேலே, கரிக்கு நடுவில், ஒரு மீன்காரி கொடுத்த மண்ணில். தேனீகூட வந்தது. நான் எந்த ஊருக்கும் போகவில்லை. அது இங்கேதான் முளைத்தது.